வெளியே தொங்கும் பெட்டி

ஏசி வாங்கப் போகிறவர்கள் கடையில் என்னென்னவோ கேட்கிறார்கள். எத்தனை டன், எத்தனை ஸ்டார், வைஃபை உண்டா, இஎம்ஐ எத்தனை மாதம், பழைய ஏசிக்கு என்ன போட்டுக்கொடுப்பீர்கள். கடைக்காரரும் வரிசையாக மாட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டிகளில் ஒன்றைப் போட்டுக்காட்டி, அதன் இறக்கை மேலும் கீழும் அசைவதைப் பெருமையோடு காட்டுவார். அவுட்டோர் யூனிட்டை எடுத்துவைத்து யாரும் விளக்கி நான் பார்த்ததில்லை. அது குடோனில் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும். கம்ப்ரசர் இருப்பது அதில்தான். கேஸ் அடைத்து வருவது அதில்தான். இன்வெர்ட்டர் மாடலென்றால் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி தேங்கி நிற்பதும் அதில்தான். கிட்டத்தட்ட 30 கிலோ எடையோடு, நாலாவது மாடிச் சுவரில், கீழே நடக்கிறவர்களின் தலைக்கு நேர்மேலே பல வருஷம் நிற்கப்போவதும் அதுதான்.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். அதனாலேயோ என்னவோ, நான் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து வவுச்சர் பார்க்கிறவள் என்றாலும், மார்ச் மாதம் பிறந்துவிட்டால் சொந்தக்காரர்களும் ஆபீசில் இருப்பவர்களும் என்னிடம் ஏசி பற்றிக் கேட்பார்கள். எது நல்ல கம்பெனி என்பதுதான் கேள்வி. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் மாட்டுகிற விதத்தில் கெட்டுப்போகும் என்பது என் பதில். யாருக்கும் அந்தப் பதில் பிடிப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி வாய் வலித்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

ஏசி மாட்டுவதில் மூன்று தொழில் கலந்திருக்கிறது: சுவர் வேலை, கரண்ட் வேலை, கேஸ் வேலை. வீட்டுக்கு வருகிற இரண்டு தம்பிகளுக்குத் தெரிந்தது பெரும்பாலும் மூன்றாவது. அவர்களுக்குச் சம்பளம் பீஸ் கணக்கு. ஏப்ரல் மாதத்தில் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் வீடு வீடாக ஓடுகிறார்கள். வருவதற்கு முன்னால் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்: “பாயிண்ட் ரெடியா மேடம்?” பாயிண்ட் என்றால் சுவரில் ஒரு பவர் பிளக். அதற்குப் பின்னால் எந்த வயர் வருகிறது, எர்த் இருக்கிறதா என்பது அவர்கள் கவலை இல்லை. சரி, எலக்ட்ரீஷியனைக் கேட்போம் என்றால், “அவுட்டோருக்கு வயர் இழுக்கறதெல்லாம் ஏசிக்காரங்க பாத்துப்பாங்கம்மா” என்பார். சுவர் தாங்குமா என்று கேட்க கொத்தனார் அந்த இடத்திலேயே இல்லை. உயிர் போகிற சங்கதிகள் எல்லாம் இந்த மூன்று பேருக்கும் நடுவில், யாருடைய வேலையும் இல்லாமல் விழுந்துகிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கி எடுத்து முடிக்கவேண்டியது வீட்டுக்காரர். வேறு யாரும் செய்யமாட்டார்கள்.

முதலில் சுவர். 2024 ஆகஸ்டில் தில்லி கரோல் பாக்கில், ஸ்கூட்டரில் உட்கார்ந்து நண்பனோடு பேசிக்கொண்டிருந்த ஒரு பையன் தலையில் மேல்மாடியிலிருந்து அவுட்டோர் யூனிட் விழுந்தது. பையனுக்கு 18 வயது. பிழைக்கவில்லை. அந்த சிசிடிவி காட்சி எல்லோர் போனுக்கும் வந்தது, எல்லோரும் ஐயோ என்றார்கள். அதற்கப்புறம் தன் வீட்டு அவுட்டோர் ஸ்டாண்டை எட்டிப் பார்த்தவர் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

ஸ்டாண்ட் என்பது இரண்டு எல் வடிவ இரும்பு. சுவரில் துளை போட்டு ஆங்கர் போல்ட்டில் முறுக்குவார்கள். காங்கிரீட்டிலும் நல்ல செங்கல் சுவரிலும் அது பிடிக்கும். இப்போது புதிய அபார்ட்மென்ட்களில் பெரும்பாலும் ஏஏசி என்கிற லைட்வெயிட் கல். கையில் எடுத்தாலே தெரியும், உள்ளே முழுக்கக் காற்றுக்கண்கள். அதில் சாதாரண ஆங்கர் போல்ட்டை முறுக்க முறுக்கக் கல் மாவாக உதிருமே தவிர பிடிக்காது. அங்கே போல்ட் சுவரின் மறுபக்கம் வரை போய், உள்ளே ஒரு இரும்புப் பட்டையோடு முறுக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் உள்ள காங்கிரீட் பீமுக்கோ தூணுக்கோ ஸ்டாண்டை நகர்த்தவேண்டும். துளை போடும்போது கொட்டுகிற தூளைப் பாருங்கள். சிவப்பென்றால் செங்கல், சாம்பலாகக் கெட்டியென்றால் காங்கிரீட், வெள்ளையாக லேசாகப் பறந்தால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

சன்ஷேடு மேல் வைத்துவிடலாம் என்பது இன்னொரு சுலப வழி. சன்ஷேடு மழைக்கும் வெயிலுக்கும் போட்டது. நுனியில் மெல்லிய பலகை, கம்பி துருப்பிடித்திருந்தால் கீழே காரை பெயர்ந்து தெரியும். அப்படித் தெரிகிற சன்ஷேடில் அவுட்டோர் மட்டுமில்லை, பூந்தொட்டிகூட வைக்கக்கூடாது. அதைவிட மோசம், அதன்மேல் ஆள் ஏறி நிற்பது. மாட்ட வருகிற தம்பிகள் ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்பேனர் திருப்புவதை நான் பார்த்திருக்கிறேன். பெல்ட் கேட்டால் வண்டியில் இருக்கிறது என்பார்கள். வண்டியிலிருந்து எடுத்து வரும் வரைக்கும் வேலை ஆரம்பிக்கவேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. அந்தத் தம்பி விழுந்தால் விழுவது நம் வீட்டு ஜன்னலிலிருந்து.

கடற்கரைக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை. நான் இருப்பது சென்னை திருவான்மியூர். உப்புக்காற்றில் பெயின்ட் அடித்த சாதா இரும்பு ஸ்டாண்ட் மூன்று நாலு மழைக்காலம் தாண்டாது. பெயின்டுக்கு அடியிலேயே துரு ஓடி, பார்க்க நன்றாக இருக்கிற ஸ்டாண்ட் வெல்டிங் இடத்தில் விட்டுப்போகும். துத்தநாகம் பூசிய ஜிஐ ஸ்டாண்டுக்குச் சில நூறு ரூபாய் கூடுதல் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். போல்ட்டும் ஜிஐ அல்லது ஸ்டெயின்லெஸ் இருக்கட்டும். அப்புறம் யூனிட்டின் நாலு கால்களையும் ஸ்டாண்டோடு முறுக்கியிருக்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள். குறுக்கு மூலையாக இரண்டு போல்ட் மட்டும் போட்டுவிட்டுப் போவது இங்கே சம்பிரதாயம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த காற்றை நினைத்துக்கொண்டு எண்ணுங்கள்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றரை டன் ஏசி அறையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறது. அதோடு தான் தின்னும் ஒன்றரை கிலோவாட் மின்சாரமும் வெப்பமாகி, ஆக 6.5 கிலோவாட்டுக்கு மேல் அந்தப் பெட்டி வெளியே தள்ளவேண்டும். பில்டர்கள் அழகுக்காக விடுகிற குறுகலான டக்ட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு மாடி அவுட்டோர்களும் ஒரே சந்துக்குள் ஊதிக்கொண்டிருந்தால், மேல்மாடிக்காரர் யூனிட் கீழ்மாடிக்காரர்கள் விட்ட சூட்டைத்தான் உறிஞ்சும். பிரஷர் ஏறும், கரண்ட் ஏறும், மே மாதம் மத்தியானம் கம்ப்ரசர் நின்று நின்று ஓடும். ‘ஏசி சரியில்லை’ என்று சர்வீசுக்குப் போன் போகும். முன்பக்கம் ஊதுகிற காற்று முட்டாமல் வெளியேற இடமிருக்கிறதா, பின்பக்கம் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாணாவது விட்டிருக்கிறதா என்பதை மாட்டும்போதே பார்க்கவேண்டும். சரியான அளவு யூனிட்டோடு வரும் புத்தகத்தில் படத்தோடு இருக்கும். அந்தப் புத்தகத்தைப் பிரிக்கிற முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

இனி கரண்ட்.

ஏசி வருவதற்கு முந்தின வாரமே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முடிக்கவேண்டிய வேலை இது. லைசென்ஸ் உள்ளவராக இருக்கட்டும். யூடியூப் பார்த்து நாமே செய்கிற வேலை இல்லை. அறையில் இருக்கிற பவர் பிளக் போதுமே என்று தோன்றும். பழைய வீடுகளில் அந்த பிளக்குக்கு வருகிற வயர் வேறு எங்கோ இஸ்திரிப் பெட்டி பாயிண்ட்டுக்கும் கீசருக்கும் போய்விட்டுத்தான் வரும். ஏசிக்கு வீட்டின் மெயின் போர்டான டிபி பாக்சிலிருந்து தனி வயர், நடுவில் ஜாயிண்ட் இல்லாமல் வரவேண்டும். ஒன்றரை டன்னுக்கு 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.) காப்பர் என்பது எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் கணக்கு, எனக்கும் அதில் நிம்மதி. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள வயராக, பேஸ், நியூட்ரல் இரண்டும் ஒரே கனத்தில். நியூட்ரலில் ஸ்கொயரைக் குறைத்துக் காசு மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. பேஸில் போகிற அதே கரண்ட்தான் நியூட்ரலிலும் திரும்புகிறது.

எம்சிபி 20 ஆம்பியர், சி கர்வ், டபுள் போல். எம்சிபி ஏசியைக் காப்பாற்ற வைத்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது காப்பாற்றுவது சுவருக்குள் இருக்கும் வயரை. அடிக்கடி விழுகிறது என்று 20-ஐ எடுத்துவிட்டு 32 போட்டுக்கொடுக்கிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். 2.5 ஸ்கொயர் வயருக்கு 32 ஆம்பியர் எம்சிபி போட்டால், எம்சிபி விழுவதற்கு முன்னால் வயரின் தோல் உருகும். டபுள் போல் ஏன் என்றால், பழைய வீடுகளில் பேஸும் நியூட்ரலும் எங்கோ இடம் மாறியிருப்பது சகஜம். ஒரு பக்கம் மட்டும் வெட்டுகிற ஸ்விட்சை அணைத்தாலும் அவுட்டோருக்குள் பேஸ் நிற்கும். திறந்து கைவைக்கிறவன் செத்தான்.

பிளக் டாப் உருகிப்போவது எல்லா வீட்டிலும் நடக்கிற கதை. காரணம் தளர்ந்த பிடிப்பு. ஓடுகிற ஏசி 8 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். பிளக்கின் பின்னுக்கும் சாக்கெட்டின் வாய்க்கும் நடுவில் அரை ஓம் தடை வந்துவிட்டால், எட்டை எட்டால் பெருக்கிப் பாதி எடுங்கள், 32 வாட். ரேடியோ கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிட அதிகச் சூடு கக்கும் ஒன்று ராத்திரி முழுக்க பிளாஸ்டிக்குக்குள் இருந்தால் என்ன ஆகும்? அதனால்தான் அந்த மூன்று பின் சமாசாரமே வேண்டாம், எம்சிபியோடு வரும் ஏசி பாக்ஸ் போடுங்கள் என்கிறேன். மல்டிஸ்ட்ராண்ட் வயரின் நுனியை முறுக்கி அப்படியே சொருகாமல், லக் போட்டு அழுத்தி, அப்புறம் ஸ்க்ரூ முறுக்கச் சொல்லுங்கள். லக் விலை இரண்டு மூன்று ரூபாய்.

இப்போது எர்த்துக்கு வருகிறேன். இந்தப் பதிவில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

அவுட்டோர் முழுக்க இரும்பு. அது நிற்கும் ஸ்டாண்ட் இரும்பு. பல வீடுகளில் அந்த ஸ்டாண்ட் ஜன்னல் கிரில்லோடு வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். அந்தக் கிரில்லில் ஒரு பக்கம், எதிர்ச்சுவர் ஆணியில் மறுபக்கமாகக் கட்டிய இரும்புக் கம்பியில் துணி காயும். உள்ளே ஒரு வயரின் தோல் அதிர்வில் தேய்ந்து பாடியைத் தொட்டால், மின்சாரம் பாடியிலிருந்து ஸ்டாண்டுக்கும், ஸ்டாண்டிலிருந்து கிரில்லுக்கும், கிரில்லிலிருந்து ஈரத்துணிக்கும் வந்து காத்துக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் துணி காயப்போட்ட கம்பியில் ஷாக் அடித்து இறந்தவர் செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம். அவுட்டோர் ஸ்டாண்டிலோ காப்பர் பைப்பிலோ கொடிக்கம்பி கட்டாதீர்கள். நைலான் கயிறு கட்டினால் துணி காயாதா?

எர்த் சரியாக இருந்தால், வயர் பாடியைத் தொட்ட நொடியிலேயே பெரிய கரண்ட் எர்த் வழியாக ஓடி எம்சிபி விழவேண்டும். அந்த எர்த்தைத்தான் நம் ஊரில் ஏமாற்றுகிறார்கள். எர்த் வயர் இழுக்காத பழைய வீட்டில், பிளக்கின் நியூட்ரல் ஓட்டையிலிருந்து எர்த் ஓட்டைக்கு ஒரு குட்டை வயரைப் போட்டுவிடுவது. டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று எரியும். “பாத்தீங்களா, எர்த் சூப்பர்” என்று காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் என்றைக்காவது மீட்டர் பக்கத்தில் நியூட்ரல் ஜாயிண்ட் விட்டுப்போகும். ஓடிக்கொண்டிருக்கும் ஏசி, லைட், ஃபேன் வழியாக வருகிற பேஸ், திரும்பிப்போக வழியில்லாமல் அந்தக் குட்டை வயர் வழியே நேராக இரும்புப் பாடிக்கு வந்து நிற்கும். ஏசியில் எந்தக் கோளாறும் இல்லாமலே பாடி முழுக்க 230 வோல்ட். அப்பா ரிட்டையர் ஆன பிறகும் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் பவர் பிளக்கைத்தான் முறைத்துப் பார்ப்பார். காபியை அப்புறம்தான் குடிப்பார். பிளக்கைக் கழற்றி, பச்சை வயர் எங்கிருந்து வருகிறது என்று எலக்ட்ரீஷியனைக் காட்டச் சொல்லுங்கள். அது தரையில் புதைத்த எர்த் குழிவரை போகவேண்டும். அபார்ட்மென்ட் என்றால் அந்தக் குழியின் மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டிருக்கிறார்களா என்று அசோசியேஷனில் கேளுங்கள். எர்த்துக்கு ஐஎஸ் 3043, வயரிங்குக்கு ஐஎஸ் 732 என்று இந்திய விதிப்புத்தகங்களே இருக்கின்றன. யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

எர்த் இருந்தாலும் ஆர்சிசிபி வேண்டும். பேஸில் போன கரண்ட்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்ட்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, அது யார் உடம்பு வழியாகவோ போகிறது என்று எடுத்துக்கொண்டு கண் இமைக்கும் நேரத்தில் வெட்டும். எம்சிபியால் இது முடியாது. ஒரு ஆளைக் கொல்லத் தேவைப்படும் கரண்ட் எம்சிபிக்குக் கணக்கிலேயே வராது. கடையில் ஒரு பொறி இருக்கிறது. ஆர்சிசிபியில் ‘ஏசி டைப்’ என்று போட்டிருப்பதை ஏர்கண்டிஷனருக்கானது என்று நினைத்து வாங்குகிறார்கள். இன்வெர்ட்டர் ஏசிக்கு ‘ஏ டைப்’ கேட்டு வாங்குங்கள். எலக்ட்ரானிக் போர்டு உள்ள சாதனத்தில் ஏற்படும் ஒருவிதக் கசிவை ஏசி டைப் கண்டுகொள்ளாமல் போகலாம். வீடு முழுவதுக்கும் ஒரே ஆர்சிசிபி இருந்தால், ஏசி போட்டதும் அது சும்மா சும்மா விழலாம். இன்வெர்ட்டர் போர்டுகள் இயல்பிலேயே கொஞ்சம் எர்த்துக்குக் கசியவிடும். அப்படி விழுகிறது என்று ஆர்சிசிபியையே பைபாஸ் செய்துவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். ஏசிக்குத் தனியாக ஒன்று போட்டால் தீர்கிற பிரச்சினை அது.

இத்தனையும் செய்து, பச்சை வயர் உள்ளே வந்து, கடைசியில் அவுட்டோரின் எர்த் ஸ்க்ரூவில் மாட்டப்படாமல் சுருட்டி ஓரமாகச் செருகியிருக்கும். சும்மா சொல்லவில்லை. அவுட்டோரின் பக்கவாட்டு மூடியை மாட்டுவதற்கு முன், போனில் ஒரு போட்டோ எடுத்துக்காட்டச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே தலையை நீட்டவேண்டாம், அவர்களே எடுத்துத் தருவார்கள். போட்டோவில் பார்க்கவேண்டியது: பச்சை வயர் ஸ்க்ரூவில் இருக்கிறதா, 1, 2, 3 என்று எண் போட்ட டெர்மினல்களில் உள்ளே எந்த நிறமோ அதே நிறம்தான் இங்கேயும் இருக்கிறதா, வயர் மேல் கிளாம்ப் பிடித்திருக்கிறதா. பல இன்வெர்ட்டர் மாடல்களில் அந்த மூன்று வயரில் ஒன்று, உள் யூனிட்டும் வெளி யூனிட்டும் பேசிக்கொள்ளும் சிக்னல் வயர். அது மாறினால் ஏசி எரர் காட்டி நிற்கும். வயர் நீளம் பற்றாமல் நடுவில் முறுக்கி டேப் சுற்றினாலும், இரண்டு மழைக்குப் பிறகு அதே எரர்தான் வரும். நீளம் பற்றாவிட்டால் முழு வயரையும் மாற்றவேண்டும். வெயிலில் கறுப்பு டேப் ஒரு கோடை தாங்காது.

வயர் யூனிட்டுக்குள் நுழையும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே தொங்கி, பிறகு மேலேறி உள்ளே போகவேண்டும். அப்போதுதான் வயர்வழி வழியும் மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். சுவரில் போடும் துளையும் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கவேண்டும். துளையையும் வயர் நுழையும் ஓட்டையையும் புட்டி வைத்து அடைக்காமல் விட்டால் யார் வருவார்கள் தெரியுமா? பல்லி. அவுட்டோர் போர்டின் இளஞ்சூடு அதற்கு ரொம்பப் பிடிக்கும். உள்ளே போய் இரண்டு புள்ளிகளை ஒரே நேரத்தில் தொட்டு, தானும் கருகி, பல ஆயிரம் ரூபாய் போர்டையும் கொண்டுபோய்விடும். திருச்சியில் என் தங்கை வீட்டில் இது நடந்தது. வாரண்டியில் பல்லி சேராது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம்.

வோல்டேஜ் பற்றியும் ஒரு வரி. இன்வெர்ட்டர் ஏசிக்கு ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று பெட்டியிலேயே போட்டிருக்கும், அதில் எந்த வோல்டேஜ் வரைக்கும் என்றும் போட்டிருக்கும். தெருவில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் வரை ஏறி வரலாம். அந்த நிலையில் எந்த ‘ஸ்டெபிலைசர் ஃப்ரீ’யும் நிற்காது. ஓவர் வோல்டேஜில் வெட்டிவிடும் சின்னக் கருவி டிபி பாக்சிலேயே வைக்கலாம்.

கேஸ் வேலைக்கு வருகிறேன். இதில் வந்த தம்பிகளுக்கு நம்மைவிட நிறையத் தெரியும், ஆனால் நேரம் இல்லை. காப்பர் பைப்பை இணைத்த பிறகு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்குவம் பம்ப் வைத்து இழுக்கவேண்டும். அழுத்தம் நன்றாகக் குறையும்போது பைப்புக்குள் ஒட்டியிருக்கும் ஈரம் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். அதற்கு நேரம் பிடிக்கும், பத்து இருபது நிமிஷமாவது பம்ப் ஓடவேண்டும். அப்புறம் அணைத்துவிட்டு கேஜ் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். முள் ஏறினால் எங்கோ லீக். குறுக்குவழி என்னவென்றால், வால்வைக் கொஞ்சம் திறந்து கேஸை விட்டு அதன் வேகத்திலேயே காற்றைத் தள்ளிவிடுவது. “பர்ஜ் பண்ணிட்டோம் மேடம், ஒண்ணும் ஆகாது.” ஆகும். மிச்சம் தங்கிய ஈரம் கம்ப்ரசர் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி, உள்ளேயே சுற்றிக் கம்ப்ரசரை அரிக்கும். அது வாரண்டி முடிகிற சமயத்தில்தான் தெரியும்.

இப்போது வருகிற ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32 கேஸ். பழைய ஆர்-22 ஓசோனுக்குக் கெடுதல் என்பதால் 2025 முதல் இந்தியாவில் புதிய ஏசிகளை அதில் தயாரிக்கக்கூடாது. ஆர்-32 பூமியைச் சூடாக்குவதும் பழையதைவிடக் குறைவு. கரியமில வாயுவை 1 என்று வைத்தால் ஆர்-22க்கு 1810, ஆர்-32க்கு 675. ஆனால் ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் வகை. சுலபத்தில் பற்றாது, பற்றினால் வருகிற புகை விஷம். அதனால் கேஸ் உள்ளே இருக்கும்போது பைப்பில் வெல்டிங் வைக்கக்கூடாது, மூடிய அறைக்குள் கேஸை விடக்கூடாது. ஆர்-22 காலத்து கேஜும் ஹோஸும் இந்த பிரஷருக்குத் தாங்குமா என்றும் கேட்டுவிடுங்கள். இதன் பிரஷர் அதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல்.

உயிருக்கே உலை வைக்கிற இரண்டு தப்புகள் உண்டு. ஒன்று, லீக் டெஸ்டுக்கு நைட்ரஜன் சிலிண்டருக்குப் பதில் வெல்டிங் செட்டில் இருக்கும் ஆக்சிஜனை ஏற்றுவது. அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் கம்ப்ரசர் ஆயிலைத் தொட்டால் தீப்பொறிகூட வேண்டாம், வெடிக்கும். சிலிண்டர் கறுப்பு நிறமாக இருந்து, அதில் நைட்ரஜன் என்று எழுதியிருக்கவில்லை என்றால், கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

இன்னொன்று, வாடகை வீட்டுக்காரர்களுக்கு. வீடு மாறும்போது ஏசியைக் கழற்ற ‘பம்ப் டவுன்’ செய்வார்கள். மெல்லிய பைப்பின் வால்வை மூடிவிட்டு ஏசியை ஓடவிட்டால், கேஸ் முழுவதும் அவுட்டோருக்குள் போய்ச் சேரும். அப்புறம் தடித்த பைப்பின் வால்வையும் மூடி, ஏசியை அணைத்துவிட்டுத்தான் பைப்பைக் கழற்றவேண்டும். அவசரத்தில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நட்டைத் தளர்த்தினாலோ, கேஸ் ஏற்கெனவே லீக் ஆகி பைப்பில் காற்று புகுந்த யூனிட்டில் இதைச் செய்தாலோ, கம்ப்ரசர் காற்றை இழுத்து ஆயிலோடு சேர்த்து அழுத்தும். டீசல் எஞ்சினுக்குள் நடப்பதேதான். அதில் கம்ப்ரசர் குண்டு போல வெடித்து மெக்கானிக்குகள் இறந்திருக்கிறார்கள். ‘கூலிங்கே இல்லை, கேஸ் போயிடுச்சு’ என்கிற ஏசியைக் கழற்ற வந்தால், அதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். அதில் பம்ப் டவுன் செய்ய கேஸே இல்லை.

மெயினை அணைத்ததும் அவுட்டோரைத் திறக்கலாம் என்றும் நினைக்கவேண்டாம். இன்வெர்ட்டர் போர்டின் கெப்பாசிட்டர்களில் அணைத்த பிறகும் சில நிமிஷங்கள் ஆளைத் தூக்கியடிக்கிற அளவு வோல்டேஜ் நிற்கும். எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும் என்று மூடியின் உட்புறம் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்ப்பதற்கு மூடியைத் திறக்கவேண்டும் என்பதுதான் வேடிக்கை. வெள்ளத்தில் முங்கிய யூனிட்டையும் காய்ந்துவிட்டது என்று போட்டுப் பார்க்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வேளச்சேரிப் பக்கம் தரைத்தளத்தில் வைத்த அவுட்டோர்கள் எல்லாம் தண்ணீருக்குள் இருந்தன. எம்சிபியை அணைத்தே வைத்து, போர்டையும் டெர்மினலையும் திறந்து கழுவிக் காயவைத்து, இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் வைத்துப் பார்த்த பிறகுதான் கரண்ட் கொடுக்கவேண்டும்.

மாட்ட வருகிற அன்றைக்கு நான் லீவு போட்டுவிடுவேன். வந்ததும் “சார் இல்லீங்களா?” என்பார்கள். இல்லை, நான்தான் என்று சொல்லி மோர் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து கொள்வேன். வேக்குவம் பம்ப் கொண்டுவந்திருக்கிறீர்களா தம்பி என்று ஆரம்பத்திலேயே கேட்டால், இல்லாதவர்கள் போன் பண்ணி வரவழைப்பார்கள். கேட்காவிட்டால் வராது. ஸ்டாண்ட், கூடுதல் காப்பர் பைப், கூடுதல் வயர் இதற்கெல்லாம் தனிக்காசு என்று கடையில் சொல்லியிருக்கமாட்டார்கள். அடிக்கு என்ன விலை என்பதை துளை போடுவதற்கு முன்னால் பேசி எழுதி வாங்கிவிடுங்கள். பைப் மாட்டியபின் பேசினால் அவர் சொல்கிற விலைதான். வேக்குவம் ஓடும் நேரத்துக்குச் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவிடுவேன். பீஸ் கணக்கில் ஓடுகிறவரிடம் நேரம் கேட்டால் அதற்கு விலை உண்டு, அது நியாயம்தான்.

அவர்கள் கிளம்புவதற்கு முன் ஏசி அரை மணி நேரமாவது ஓடவேண்டும். நட்டுகளில் சோப்பு நுரை தடவி குமிழ் வருகிறதா என்று உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். கிளாம்ப் மீட்டர் இருந்தால் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அவுட்டோர் ஸ்டிக்கரில் உள்ள எண்ணோடு ஒப்பிடலாம். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தி, விழுகிறதா என்று பாருங்கள், மாதம் ஒருமுறையும் அழுத்துங்கள். அவர்கள் போய் ஒரு மணி நேரம் கழித்து, ஏசி ஓடும்போதே ஏசி பாக்சின் மூடியைப் புறங்கையால் தொடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. சுட்டால் அன்றைக்கே அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ராத்திரி ஃபேனில் தூங்குங்கள்.